துபாசியின் கண்: ஆனந்தரங்கப்பிள்ளையை மொன்றியலில் இருந்து வாசித்தல்

என் மகள் செக்கண்டரி மூன்று படித்த வருஷம், ஒரு குளிர்கால இரவு, கியூபெக் வரலாற்றுப் பாடப்புத்தகத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை பற்றிய பக்கம். ஏழாண்டுப் போரின் முடிவில் பிரான்ஸ் எதை இழந்தது, அதன் கையில் எது மிஞ்சியது என்று ஒரு சிறிய பட்டியல். கனடா போனது. சென்-பியர், மிக்கலோன் என்ற இரண்டு மீன்பிடித் தீவுகள் மிஞ்சின. சீனி விளைகிற குவாதலூப்பும் மார்த்தினிக்கும் திரும்பக் கிடைத்தன. கடைசி வரியில், இந்தியாவில் இருந்த வணிகத் தளங்கள். அதில் 'பொண்டிஷெரி' என்று ஒரு பெயர்.

"அப்பா, இது பாண்டிச்சேரியோ? எங்கட ஆக்களின்ர இடமோ?"

"எங்கட ஊர் இல்லைப் பிள்ளை. ஆனால் தமிழ் ஆக்களின்ர இடம்தான்."

"அப்ப ஏன் எங்களைக் குடுத்துப்போட்டு அவையளை வைச்சிருந்தவங்கள்?"

'எங்களை' என்று அவள் சொன்னது மொன்றியலை. 'அவையளை' என்று சொன்னது தமிழரை. இந்த இரண்டு சொல்லும் என் நித்திரையைக் கெடுத்தன என்று சொன்னால் மிகை. ஆனால் அலமாரியில் பல வருஷமாகத் தூசி பிடித்துக் கிடந்த ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பை நான் மறுபடி எடுத்துப் படித்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

மொன்றியல் 1760 செப்டெம்பர் 8ஆம் திகதி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நாலு மாதம் கழித்து, 1761 சனவரியில், புதுச்சேரி சரணடைந்தது. ஒரே போர், அதே இரண்டு எதிரிகள், கடைசியில் ஒரே காகிதம். அந்தக் காகிதத்தில் ஒரு நகரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, மற்றது கொடுக்கப்படவில்லை. கனடாவை வெறும் பனிக்கட்டி நிலம் என்று எள்ளிய வொல்தேர், பிறகு புதுச்சேரியை இழந்ததற்காகத் தலை வெட்டப்பட்ட தளபதி லாலிக்காகப் பரிந்து ஒரு புத்தகமே எழுதினார். பாரிஸில் இருந்து பார்த்தபோது எங்கள் இரண்டு ஊரும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள்.

ஆனால் திரும்பக் கிடைத்த புதுச்சேரி பழைய புதுச்சேரி அல்ல. வென்ற ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். இன்று சுற்றுலாப் படங்களில் வரும் மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் பிறகு திரும்பக் கட்டிய ஊருக்கு உரியவை. துய்ப்ளெக்ஸ் ஆண்ட ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு தமிழ் வணிகரின் குறிப்பேடுகளுக்குள்தான் போகவேண்டும்.

ஆனந்தரங்கப்பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். 1736 செப்டெம்பரில், 27 வயதில், எழுதத் தொடங்கினார். நடுவில் சில இடைவெளிகளோடு 1761 சனவரி வரை எழுதினார். நகரம் விழுந்த அதே மாதத்தில் அவரும் இறந்தார். 1740களின் பிற்பகுதியில் ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் தலைமைத் துபாசி ஆனவர். துபாசி என்றால் இரண்டு பாஷைக்காரன் என்றுதான் பொருள். நடைமுறையில் மொழிபெயர்ப்பாளர், தரகர், தூது போகிறவர், காதில் விழுந்ததைக் கொண்டுவந்து சொல்கிறவர், ஊர்ப் பெரிய மனிதர் எல்லாம் அவர்தான். குறிப்பேடுகள் 1846இல் அவருடைய வீட்டிலேயே காலுவா-மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டன. 1904 தொடங்கி 1928க்குள் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக வந்து முடிந்துவிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948இல். தமிழில் எழுதிய ஒன்றை உலகம் ஆங்கிலத்தில் படித்து முடித்து இருபது வருஷம் கழித்துத்தான் தமிழருக்கு அது தமிழில் கிடைக்கத் தொடங்கியது. இந்தத் தாமதத்தின் விளைவை நாங்கள் இன்னும் அனுபவிக்கிறோம். பிள்ளையை ஒரு எழுத்தாளராக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. துய்ப்ளெக்சைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

நானும் ஒருவகைத் துபாசிதான். 1988இல் மொன்றியலுக்கு வந்து, முதலில் கொத்-டே-நேஜில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்தேன். பகலில் தொழிற்சாலை, இரவில் பிரெஞ்சு வகுப்பு. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளிலும் அகதி விசாரணைகளிலும் மொழிபெயர்த்தேன். வந்த நாளில் இருந்து நானும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் பிள்ளையைப் பற்றி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. இரண்டு பேரும் நாட்குறிப்பு எழுதினார்கள் என்பதற்கு மேல் அந்த ஒப்பீட்டில் ஒன்றும் இல்லை. லண்டன் பீப்ஸ் சுருக்கெழுத்தில், இரகசியமாக, தன் மனைவிக்குத் தெரியக்கூடாத சங்கதிகளைக்கூட எழுதினார். பிள்ளை தன்னைப் பற்றி ஒன்றையும் ஒப்புக்கொள்வதில்லை. அவருடைய பக்கங்கள் வணிகரின் பேரேடு போன்றவை. எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன வரிசை கொண்டுவந்தார், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை முழங்கியது, எந்தக் கனவு கெட்ட சகுனம். பீரங்கி வெடிகளை எண்ணுவதில் அவருக்கு இருக்கிற கவனத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு காலனி நகரத்தில் யாருக்கு எத்தனை வெடி என்பது சின்ன விஷயம் அல்ல. அதை எண்ணத் தெரியாதவன் அந்த ஊரில் பிழைக்க முடியாது.

இங்கேதான் பிள்ளை நகர வரலாறு எழுதும் பலரைவிட ஒரு படி மேலே நிற்கிறார். பழைய காலனி நகரங்களைப் பற்றிய புத்தகங்கள், அது மொன்றியலோ புதுச்சேரியோ பினாங்கோ, 'பன்முகப் பண்பாடு' என்று தொடங்கி ஒரு பட்டியலைத் தருகின்றன. புதுச்சேரிக்கு அந்தப் பட்டியலை நானும் தரலாம்: வெள்ளைக்காரர், சட்டைக்காரர், வேளாளர், செட்டிகள், கோமுட்டிகள், பிராமணர், சோனகர், ஆர்மீனிய வணிகர், மாயேயில் இருந்து வந்த சிப்பாய்கள், ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரிகள். பட்டியல் போட்டதும் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. பிள்ளை பட்டியல் போடுவதில்லை. யார் உட்கார்ந்தார், யார் நின்றார், யாருடைய பல்லக்கு எந்த வாசல்வரை போகலாம் என்று எழுதுகிறார். அவருடைய ஊரில் பலவகை மனிதர் இருந்தார்கள் என்பதை ஒருமுறைகூட வியந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. பலவகையாக இருந்தார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேலையும் ஒரு விலையும் இருந்தது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், குறிப்பாக இங்கே பிறந்து வளர்ந்து, தமிழ் எழுத வெட்கப்படும் பிள்ளைகளுக்கு. இது புலவர் தமிழ் அல்ல. பேசுகிறபடியே, மூச்சு விடுகிறபடியே போகிற நீண்ட வாக்கியங்கள். பிரெஞ்சுப் பட்டங்களும் பாரசீகக் கச்சேரிச் சொற்களும் போர்த்துக்கீசச் சந்தைச் சொற்களும் எந்தக் கூச்சமும் இல்லாமல் தமிழ் எழுத்தில் வந்து உட்காருகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழர் தன் ஊரை எழுத உட்கார்ந்தபோது, ஊரில் என்ன பாஷை ஓடியதோ அதில் எழுதினார். எங்கள் வீட்டுக் குசினியில் 'தெப்பனேருக்குப் போய்ப் பால் வாங்கு' என்று சொல்வதைக் காகிதத்தில் எழுத எங்களுக்குக் கை வருவதில்லை. 'பலசரக்குக் கடை' என்று திருத்திவிடுகிறோம். மொன்றியலில் யாரும் போகாத ஒரு கடைக்குக் கதாபாத்திரங்கள் போய் வருகிறார்கள்.

அவருடைய உரையாடல்களும் தனி ரகம். ஆளுநர் சொன்னார், நான் சொன்னேன், அதற்கு அவர் சொன்னார் என்று பக்கம் பக்கமாகப் போகும். அநேகமாக ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் ஆளுநர் 'ரங்கப்பா, உன்னைப் போல ஒருவன் இல்லை' என்ற பாவனையில் வந்து நிற்பார். மொழிபெயர்ப்பாளனுக்கே உரிய நோய் இது. நாள் முழுக்க மற்றவன் வார்த்தையைத் தன் வாயால் பேசுகிறவன், இரவில் வீட்டில் உட்கார்ந்து தன் பங்கைக் கொஞ்சம் கூட்டி எழுதுகிறான். நான் அறிவேன்.

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. பிள்ளைக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் கும்பெனிக்கு வேலை செய்தவர் அவருடைய மாமன் நைனியப்பப் பிள்ளை. 1716இல் அவரைப் பிடித்து, விசாரணை நடத்தி, சொத்தைப் பறித்துச் சிறையில் போட்டார்கள். 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரான்சில் அந்தத் தீர்ப்பு மாற்றி எழுதப்பட்டது. அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பாரிசுக்கே போனார், அங்கே ஞானஸ்நானம் பெற்று, சென்-மிஷேல் வீரர் பட்டத்தோடு புதுச்சேரிக்குத் திரும்பிவந்தார். லா சப்பேலில் தோசைக்கடை திறப்பதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாரிசில் நீதி கேட்டுப்போன ஒரு தமிழர். இதைப் புலம்பெயர்ந்தவர்களின் கதையாக யாராவது நாவல் எழுதவேண்டும். எனக்கு முக்கியம், ஆனந்தரங்கர் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் என்பது. துரை இன்று தோளில் கைபோடுவார், நாளை சங்கிலி போடுவார் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளை. அவர் ஏன் எல்லாவற்றையும் எழுதி வைத்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவையில்லை.

இனி அவருடைய கண்ணுக்கு வருகிறேன். மேலே பார்ப்பதில் பிள்ளை வல்லவர். துய்ப்ளெக்சின் மனைவி ழோன் அம்மையாரைப் பற்றி அவர் எழுதியவற்றில் வெறுப்பு நிறைய. ஆனால் அந்த வெறுப்பால் பார்வை கூர்மையாகிறது. அந்த அம்மா புதுச்சேரியிலேயே பிறந்தவர், தாய்வழியில் போர்த்துக்கீச-இந்தியக் கலப்பு, தமிழ் பேசத் தெரிந்தவர். அதாவது துபாசி இல்லாமலே ஊரோடு பேசக்கூடியவர். பிள்ளையின் தொழிலுக்கே ஆபத்தான மனுஷி. அவர் ஆட்களை வைத்து உளவு பார்த்ததையும் பணம் வாங்கியதையும் பிள்ளை விடாமல் எழுதுவதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1748 செப்டெம்பர். ஆங்கிலேயர் முற்றுகையிட வருகிறார்கள். அந்தச் சமயத்தில் ஊருக்குள் இருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடிக்கிறார்கள். யேசு சபைப் பாதிரியார்கள் பல வருஷமாகக் கேட்டுவந்தது அது. பிள்ளை அப்போது செல்வாக்கின் உச்சியில் இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் வருகிறார்கள். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அல்லது அவர் செய்யத் துணியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. விக்கிரகங்களையும் சாமான்களையும் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். பிறகு இடித்ததை, கெர்து பாதிரியார் லிங்கத்தை உடைத்தது உட்பட, ஒவ்வொன்றாக எழுதுகிறார். அந்த நாளின் குறிப்பைப் படிக்கிறவர், துபாசி என்ற உத்தியோகத்தின் எல்லை எதுவரை என்று புரிந்துகொள்வார். அவர் அழுதாரா என்று தெரியாது. எண்ணினார்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது மூன்று வருஷம் முந்திய ஒரு பகுதி. 1745 ஒக்டோபர். சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் நடுவில் ஏன் சுவர் என்ற அர்த்தத்தில் கேட்கிறார்கள். சுவர் இடிக்கப்படுகிறது. இடிக்கச் சொன்னவர் அதே கெர்து பாதிரியார். மூன்று வருஷம் கழித்துச் சிவன் கோயிலை இடித்தபோது முன்னால் நின்றவர். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுகிறார்கள், கலகம் ஆகிறது. ஒரே மனிதர், இரண்டு இடிப்பு. யாழ்ப்பாணத்தானான நான் இதைப் படித்தபோது 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் நடந்தது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வாசலின் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதும் ஞாபகம் வந்தது.

கவனியுங்கள், தாழ்த்தப்பட்டவர்களின் கேள்வியைப் பிள்ளை எழுதியிருக்கிறார். அவர்களின் வாதம், அதன் நியாயத்தோடு, பக்கத்தில் இருக்கிறது. இந்த நாட்குறிப்பில் கீழே இருந்து வரும் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்கிற இடங்கள் மிகக் குறைவு. ஏன் இங்கே கேட்கிறது? அது கிறிஸ்தவர்களின் சண்டை, அவருடையது அல்ல. அவருடைய போட்டியாளரான கனகராய முதலியாரின் மதத்து ஆட்களின் வீட்டுச் சண்டை. அடுத்த வீட்டுச் சுவர் இடிகிறபோது காது நன்றாகக் கேட்கும். தன் வீட்டிலும் அதே சுவர் இருக்கிறது என்பதைப் பிள்ளை எங்கும் எழுதவில்லை. இதுதான் இந்த நாட்குறிப்பைப் பற்றி என் முடிவு: மேலேயும் பக்கத்திலும் பார்ப்பதில் தமிழில் இதற்கு நிகரான கண் அந்த நூற்றாண்டில் இல்லை. கீழே பார்க்கும்போது அந்தக் கண் மூடிக்கொள்கிறது. பிறர் வீட்டு விஷயமானால் மட்டும் திறக்கிறது.

1743இல் ஆள் கடத்தல் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். வழிப்போக்கர்களையும் கூலிக்காரர்களையும் ஏமாற்றிப் பிடித்து, காலில் விலங்கு போட்டு, மஸ்கரேன் தீவுகளுக்குக் கப்பலேற்றுகிறார்கள். பிள்ளையின் பதைப்பு உண்மையானது. ஆனால் கதை விரைவிலேயே கும்பெனியில் யாருக்கு இதில் பங்கு, யாருடைய பெயர் கெட்டது என்று திரும்பிவிடுகிறது. கப்பலில் ஏறியவர்கள் கடலோடு போய்விடுகிறார்கள்.

மொன்றியலும் இதில் சளைத்ததல்ல. 1734 ஏப்ரலில் இந்த ஊர் எரிந்தது. நாற்பதுக்கு மேல் வீடுகளும் ஒத்தெல்-தியூ ஆஸ்பத்திரியும் சாம்பலாயின. தீ வைத்ததாகச் சொல்லி மரி-ஜோசெப் ஆஞ்சலிக் என்ற கறுப்பு அடிமைப் பெண்ணை யூன் 21ஆம் திகதி தூக்கிலிட்டார்கள். போர்த்துக்கலில் பிறந்து, கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தவள். அவள் பேசியது எங்களுக்குக் கிடைப்பது நீதிமன்ற எழுத்தன் எழுதிவைத்ததால். கனடாவில் அடிமை என்பதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த கியூபெக்கருக்கு 1960இல் மார்சல் துருதெல் என்ற வரலாற்றாசிரியர் பெயர் பெயராக எண்ணி, மூவாயிரத்துக்கும் மேல் என்று காட்டினார். பெரும்பான்மையோர் ஆப்பிரிக்கர் அல்ல, இந்த மண்ணின் பூர்வகுடிகள். துருதெலும் பிள்ளை மாதிரி எண்ணுகிறவர். ஆனால் அவர் கீழே எண்ணினார்.

பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதுக்கு 1995இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. புதுச்சேரியிலேயே பிறந்தவர், அந்தத் தெருக்களில் நடந்தவர். பிள்ளை ஒரு வரியில் கடந்துபோகும் மனிதர்களை நிறுத்திப் பேசவைத்தது அவருடைய பெரிய காரியம். தமிழ் வரலாற்று நாவலை அரண்மனையில் இருந்து தெருவுக்கு இறக்கியதும் அவர்தான். என் குறை ஒன்றுதான். பிரபஞ்சனுக்குப் பிள்ளையின் மேல் இருந்த அன்பு அவரைக் கொஞ்சம் நல்லவராக்கிவிட்டது. நாவலில் வருகிற ஆனந்தரங்கருக்கு ஒரு மனச்சாட்சி இருக்கிறது, அது வேளைக்கு வேலை செய்கிறது. மூலத்தில் அது எப்போது விழிக்கும், எப்போது தூங்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு மூலம்தான் கூடப் பிடிக்கிறது, அதில் என்னை நானே பார்க்க முடிகிறபடியால்.

நான் இப்போது இருப்பது மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். எங்கள் சனம் டி.டி.ஓ என்று சொல்லிவிடும். சென்-ரேஜிஸ் வீதியில் திருமுருகன் கோவில் இருப்பதால் மொன்றியல் தமிழர் எல்லோருக்கும் ஊர் தெரியும். இந்தப் பெயர் யாருடையது என்று நான் பதினைந்து வருஷம் கேட்கவில்லை. அடம் டொலார் டெஸ் ஓர்மோ 1660இல் ஒத்தாவா நதியில் லோங்-சோ என்ற இடத்தில் இரொக்குவாப் படையோடு சண்டையிட்டுச் செத்த இளைஞன். அவனோடு பதினாறு பிரெஞ்சுக்காரர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனல் குரூ என்ற பாதிரியார் அவனைப் பிரெஞ்சுக் கனடாவின் தியாகியாக்கினார். 1920இல் லா-பொந்தேன் பூங்காவில் சிலை வைத்தார்கள். மே மாதத்தில் அவன் பெயரில் ஒரு விடுமுறை நாள். அந்த நாள் 2003இல் 'தேசபக்தர் நாள்' என்று மாறிவிட்டது. அவன் மொன்றியலைக் காக்கப் போனானா, உரோமம் ஏற்றிவந்த படகுகளை மறிக்கப் போனானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்தச் சண்டையில் அவன் பக்கத்தில் நின்றவர்களில் கூடப்பேர் பிரெஞ்சுக்காரர் அல்ல. நாற்பதளவில் வென்டாட் ஆட்கள், நாலு அல்கொன்கின்கள். அன்னோத்தகா என்ற வென்டாட் தலைவன் அவர்களை நடத்திவந்தான். அவன் பெயரில் எனக்குத் தெரிந்து ஒரு பேருந்து நிறுத்தம்கூட இல்லை.

நாற்பது வருஷமாக மொன்றியல் தமிழர் எழுதியதில் நான் படித்த கதை, கவிதை, நினைவுக் குறிப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். பனி வருகிறது. ஊர் வருகிறது. ஊர் மிக நன்றாக வருகிறது. பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்கள் மேல்மாடியில் இருந்த கிரேக்கக் கிழவி வருவதில்லை. தையல் தொழிற்சாலையில் எங்களுக்கு ஊசி மாற்றச் சொல்லித் தந்த எயிட்டிக்காரர் வருவதில்லை. இந்த நிலத்துக்கு உரியவர்கள் அறவே இல்லை. பிள்ளையைக் கீழே பார்க்காதவர் என்று குறை சொல்கிறேன்; நாங்களோ பக்கத்தில்கூடப் பார்க்கவில்லை.

என் குறிப்பேட்டைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

பிள்ளையைப் படித்து முடித்த கிழமை, 1990ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் யூலை 11ஆம் திகதி, இங்கே இருந்து அரை மணிக்கூட்டுக் கார் ஓட்டத்தில், கனசத்தாக்கேயில் மொஹாக் மக்களின் பைன் காட்டையும் புதைகுழிகளையும் ஒட்டி கோல்ப் மைதானத்தைப் பெருப்பிக்கப் போய்த் துப்பாக்கிச்சூடு நடந்தது. கானவாகே மக்கள் மெர்சியே பாலத்தை மறித்தார்கள். இராணுவம் வந்தது. 78 நாள், செப்டெம்பர் 26 வரை நீடித்தது. நான் அப்போது லசாலில், அந்தப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு தொழிற்சாலையில் வேலை. இராணுவத்திடம் இருந்து தப்பி வந்தவன். நிலம் என்ற சொல்லைக் கேட்டாலே மயிர் கூச்செறிந்த காலம். கொப்பியில் அந்த 78 நாளுக்கும் சேர்த்து இருப்பது ஒரு வரி: 'பாலம் பூட்டு, பஸ் பிந்தி வந்தது.'

மற்றப் பக்கங்கள் முழுக்க யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய அந்தக் கோட்டையைப் புலிகள் முற்றுகையிட்டிருந்தார்கள். அந்த வருஷம் செப்டெம்பர் கடைசியில்தான் இராணுவம் அதைக் கைவிட்டது. இங்கே ஒரு முற்றுகை முடிந்த அதே நாட்களில் அங்கே ஒரு முற்றுகை முடிந்தது. கேள்விப்பட்ட ஒவ்வொரு குண்டையும் எண்ணி எழுதியிருக்கிறேன், பிள்ளை பீரங்கி வெடிகளை எண்ணியதுபோல.

பிறகு ஒக்டோபர் 30. அன்று யாழ்ப்பாண நகரத்தின் முஸ்லிம் மக்கள் எல்லோரையும் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகத் தெரு ஒரு பகலில் காலியானது. தலைமுறை தலைமுறையாக எங்களோடு இருந்த சனம். என் முதல் நீளக் காற்சட்டையைத் தைத்துத் தந்தவர் அந்தத் தெருவில்தான் இருந்தார். அளவெடுக்கும்போது ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, 'தம்பி இன்னும் வளருவீங்கள்' என்று அரை அங்குலம் கூட விட்டுத் தைப்பார். புதுச்சேரியையும் மொன்றியலையும் பற்றி இவ்வளவு சொன்னேன். பலவகை மனிதர் வாழ்ந்த காலனிக் கோட்டை நகரம் ஒன்றில்தான் நானும் பிறந்தேன். அது பலவகையாக இல்லாமல் போன நாளுக்கு என் கையெழுத்தில் ஒரு பக்கம் இருக்கவேண்டும் என்று தேடினேன்.

ஒக்டோபர் 30ஆம் திகதிப் பக்கம் வெறுமை. செய்தி வர நாள் எடுத்திருக்கும். நவம்பரில், கொழும்பில் இருந்து கடிதம் வந்த அன்று, இப்படி இருக்கிறது: 'அண்ணாவின் கடிதம். அம்மா சுகம். சோனகத் தெருச் சனம் எல்லாம் போயிட்டுதாம்.'

அடுத்த வரி: 'குளிர்ச் சப்பாத்து, 34 டொலர் 99 சதம்.'